சார்னு சொன்னா மஞ்சத் தொப்பி

"நிர்மல், ஐ டோன்ட் அக்ரீ வித் யூ"ன்னு திம்மராயன் சொன்னாரு பாருங்க அக்கா, அந்த நிமிஷத்துலதான் எல்லாம் கெட்டுப்போச்சு. ஹால்ல இருபத்திரண்டு பேரு. ஒருத்தராவது அவரைப் பார்க்கணுமே? பார்க்கலை. நிர்மலையும் பார்க்கலை. மொத்தப் பேரும் என்னைப் பார்க்கறாங்க. நான் என்ன பண்ணுவேன், நான் ஒரு கையில ஸ்மைலி போட்ட பந்தை வெச்சுக்கிட்டு நிக்கறேன்.

இருங்க, பையை மேல வெச்சுக்கறேன். லேப்டாப் உங்க முழங்கையில இடிக்குதா? ஓசூர்ல பஸ் ஏறினதுல இருந்து இந்த ஸ்லைடை முடிக்கணும்னு பார்க்கறேன், முடிய மாட்டேங்குது. நாளைக்கு சேலத்துல டெமோ. சாரி, நீங்க சும்மா ‘என்னம்மா வேலை’ன்னுதான் கேட்டீங்க. நான் பாட்டுக்கு நடுவுல இருந்து ஆரம்பிச்சுட்டேன்.

என் பேரு பிரிசில்லா. கம்பெனியில வேலை செய்யறவங்களுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக்குடுக்கறேன். ஆனா ஸ்கூல் மாதிரி இல்லக்கா! இலக்கணம் கிடையாது, பரீட்சை கிடையாது, நோட்டே கிடையாது. எல்லாம் விளையாட்டு. பந்து பிடிச்சவர் பேசணும். சீட்டு எடுத்து நடிச்சுக் காட்டணும். தரையில உக்காரலாம், பீன் பேக்ல சாய்ஞ்சுக்கலாம், டீ குடிச்சுக்கிட்டே பேசலாம். பயம் போனா பேச்சு தானா வரும், அதான் என் நம்பிக்கை. இப்பவும் அதான் நம்பிக்கை, அது மாறலை.

நான் சொல்ற கம்பெனி ஓசூர் சிப்காட்டுல இருக்கு. பேரு வேண்டாம். வண்டிகளுக்கு கியர் செய்யற கம்பெனி. நிர்மல்ங்கறது அதோட எம்.டி. முப்பத்தெட்டு வயசு, அமெரிக்காவுல படிச்சவரு. திம்மராயன் அங்க சூப்பர்வைசர். கியரை எல்லாம் உலையில போட்டுப் பழுக்கவெச்சு எண்ணெயில முக்குவாங்களே, அந்த செக்‌ஷனுக்கு. அப்ப ஐம்பத்தேழு வயசு. முப்பத்தோரு வருஷமா அந்த உலை முன்னாடியே நின்னு, முகத்துல ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கருத்திருக்கும்.

இப்ப புரியுதா ஏன் எல்லாரும் என்னைப் பார்த்தாங்கன்னு? அந்த மனுஷன் வாயில இருந்து எம்.டி. பேரு, சார் இல்லாம மொட்டையா வந்தது என்னாலதான்.

நான் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதல் நாளே ரெண்டு ரூல் சொல்வேன். சார்ட்டுல எழுதி சுவத்துல ஒட்டிருவேன். ஒண்ணு, இந்த ரூமுக்குள்ள சார் கிடையாது, மேடம் கிடையாது. எல்லாரும் பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். ரெண்டு, இங்க பேசறது இந்த ரூமைத் தாண்டாது. அவ்வளவுதான். சார்னு யாராவது சொல்லிட்டா மஞ்சள் சார்ட்டுல செஞ்ச கூம்புத் தொப்பியைப் போட்டுக்கணும். அடுத்த ஆளு சார்னு சொல்ற வரைக்கும் கழட்டக் கூடாது. செம ஜாலியா இருக்கும்!

ஆனா திம்மராயன் தலையை விட்டு அந்தத் தொப்பி இறங்கவே இல்லக்கா. முதல் வாரம் முழுக்க அவர்தான். "சார், ஐ ஆம் கமிங் ஃப்ரம் கெலமங்கலம் சார்." தொப்பி. "சாரி சார்." மறுபடி தொப்பி. என்னையே சார்னு கூப்பிடுவாரு! அப்புறம் மிஸ்ஸுக்கு வந்தாரு. பிரிசில்லான்னு கூப்பிடுங்கன்னா, "அது எப்படி மிஸ், நீங்க டீச்சரில்லையா"ன்னு சிரிப்பாரு. ஒரு நாள் டீ பிரேக்குல தொப்பியோடயே கேன்டீனுக்குப் போயிட்டாரு. "என்னய்யா மேஸ்திரி, பர்த்டேவா? கேக் எங்க?"ன்னு முனிராஜ் கத்த, மொத்தக் கேன்டீனும் ஹேப்பி பர்த்டே பாடுது. இவரும் கூட நின்னு கை தட்டிப் பாடறாரு. அப்படிப்பட்ட ஆளு.

முனிராஜ் அவரு கீழ வேலை செய்யற ஆபரேட்டர். அவனும் கிளாஸுக்கு வருவான். இந்தக் கதைக்கும் அவன் வேணும், ஏன்னா அவன்தான்...

ஒரு நிமிஷம்க்கா, மெசேஜ். சேலத்துக்காரங்கதான். "வீடியோ ஃபைலை மறக்காம கொண்டு வாங்க"ன்னு மூணாவது தடவையா அனுப்பறாங்க. இருக்கட்டும், அப்புறம் பதில் போடறேன்.

எங்க விட்டேன்? ஆங், திம்மராயன். அவரு எதுக்கு கிளாஸுக்கு வந்தாருன்னு சொல்லணும். கிளாஸ் முடிஞ்ச அடுத்த மாசக் கடைசியில அவருக்கு ஐம்பத்தெட்டு முடியுது. ரிடையர்மென்ட். ஆனா நல்லா வேலை தெரிஞ்சவங்களுக்கு ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் குடுப்பாங்க. இவருக்கு அது கட்டாயம் வேணும். பொண்ணு பெங்களூர்ல நர்சிங் ரெண்டாவது வருஷம். "அவ முடிக்கற வரைக்கும் நான் ஓடணும் மிஸ்"ன்னு சொல்வாரு. ஹெச்.ஆர். ஹேமலதா மேடம், இப்ப ஷிஃப்ட் ரிப்போர்ட் எல்லாம் இங்கிலீஷ்ல மெயில் போடணும், ஆடிட்டுக்கு வர்றவங்ககிட்ட பேசணும், அதனால இங்கிலீஷ் வந்தாத்தான் எக்ஸ்டென்ஷன் லெட்டர்னு சொல்லிட்டாங்க. அந்த ஒரு லெட்டருக்காக நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டுக்கூட தூங்காம வந்து உக்காருவாரு. கண்ணு செவந்திருக்கும், பந்து வந்தா மட்டும் கரெக்டா பிடிப்பாரு.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்க்கா. நிஜமா. அவருக்குன்னு தனியா அரை மணி நேரம் ஒதுக்கினேன். யாரும் கேட்கலை, நானேதான். கண்ணாடி முன்னாடி நிக்கவெச்சு "நிர்மல், குட் மார்னிங்" சொல்லச் சொல்வேன். "நிர்மல்"னு சொல்லிட்டு வாயைப் பொத்திக்குவாரு. "பெரிய முதலாளி பையன் மிஸ். நாக்கு வர மாட்டேங்குது." அதெல்லாம் வரும், சொல்லுங்கன்னு சொல்வேன். நாலாவது வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம் தொப்பி இல்லாமயே இருந்தாரு. நான் துள்ளிக் குதிச்சேன்.

கடைசி வாரம் ஷோ டே வைப்பேன். கத்துக்கிட்டதை எல்லாரும் மேலதிகாரிங்க முன்னாடி செஞ்சு காட்டணும். நிர்மல்கிட்ட நானே போய்ப் பேசினேன். "நீங்க வரணும், ஆனா எங்க ரூல்படி வரணும். நாற்காலி கிடையாது, பீன் பேக்குதான்"னேன். அவருக்கு ஒரே குஷி. "ஐ லவ் இட்! நானும் இந்தக் கம்பெனியில இந்த சார் பழக்கத்தை ஒழிக்கணும்னுதான் பார்க்கறேன்"ன்னாரு.

ஷோ டேக்கு ரெண்டு நாள் முன்னாடி சீட்டு எடுத்தாங்க. திம்மராயனுக்கு வந்த சீட்டு, ‘உங்க பாஸ் சொல்ற ஒரு விஷயத்துக்கு மரியாதையா மறுப்பு சொல்லுங்க.’ அவரு வீட்டுல போய் எழுதி மனப்பாடமே பண்ணிட்டு வந்தாரு. கேன்டீன் டீயில சக்கரை ஜாஸ்தி, குறைக்கணும். அதான் அவரோட மறுப்பு. சொல்லிக் காட்டினாரு. தப்பே இல்லை. ஆனா சப்புன்னு இருந்துச்சுக்கா. உயிரே இல்லை. அவரு பாட்டுக்கு ரேஷன் கடை க்யூவுல நிக்கற மாதிரி நின்னு ஒப்பிக்கறாரு.

நான்தான் சொன்னேன். "திம்மராயன், டீயை விடுங்க. உங்க மனசுல நிஜமா என்ன இருக்கு? நிர்மல் எதிர்ல நின்னா நிஜமா என்ன சொல்லணும்னு தோணும்? அதைச் சொல்லுங்க. நிஜத்தைச் சொல்லும்போதுதான் மொழி ஓடும்."

கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில வெச்சுத் திருப்பிக்கிட்டே இருந்தாரு. அப்புறம் "இருக்கு மிஸ். ஆனா சொல்லலாமா?"ன்னாரு.

"ரூல் நம்பர் ரெண்டு என்ன?"

சுவத்தைப் பார்த்துப் படிச்சாரு. இங்க பேசறது இந்த ரூமைத் தாண்டாது.

"அப்புறம் என்ன பயம்?"ன்னேன்.

ஷோ டே. நிர்மல் வந்து பீன் பேக்ல உக்காந்தாரு. நான் போனை ஸ்டாண்டுல மாட்டி ரெக்கார்டிங் போட்டேன். எப்பவும் போடுவேன், அவங்க முன்னேற்றத்தை அவங்களுக்கே காட்டறதுக்கு. முனிராஜ் சேல்ஸ்மேன் மாதிரி நடிச்சான், எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் பந்து திம்மராயனுக்குப் போச்சு. அவரு பந்தைப் பிடிச்சு, என்கிட்ட குடுத்துட்டு, சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு சொன்னாரு. எனக்கு அப்படியே மனப்பாடம்.

"நிர்மல், ஐ டோன்ட் அக்ரீ வித் யூ. யூ சே சேஃப்டி ஃபர்ஸ்ட். ஃபர்னஸ் நம்பர் டூ, டோர் சென்சார் நாட் வொர்க்கிங். த்ரீ மன்த்ஸ். வீ டை வித் வயர் அண்ட் ரன். முனிராஜ் ஹேண்ட் பர்ன். ஐ டெல் த்ரீ டைம்ஸ். நோபடி கம். ப்ளீஸ் கம் அண்ட் சீ, நிர்மல்."

ரெண்டாவது உலையோட கதவு சென்சார் மூணு மாசமா கெட்டுக்கிடக்கு, கம்பியால கட்டிவெச்சு ஓட்டறோம்ங்கறாரு. ரெண்டு தடவை நிர்மல்! ஒரு சார் இல்லை! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. முனிராஜ் தன் கையைப் பின்னாடி மறைச்சுக்கிட்டான். இடது முழங்கைக்குக் கீழ தோல் வெள்ளையா சுருங்கியிருக்கும். அது எப்படி ஆச்சுன்னு நான் கேட்டதே இல்லக்கா. ஆறு வாரம் பந்து தூக்கிப் போட்டேன் அவனுக்கு, ஒரு தடவைகூடக் கேட்கலை. அதுவா தோணலை.

அப்பதான் எல்லாரும் என்னைப் பார்த்தாங்க.

நிர்மல் என்ன பண்ணாருன்னு நினைக்கறீங்க? கத்தினாருன்னுதானே? இல்லை! எழுந்து வந்து திம்மராயனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. "தேங்க் யூ. லெட்ஸ் கோ, இப்பவே போய்ப் பார்க்கலாம்"னு நேரா உலைக்குப் போனாரு. ஹேமலதா மேடம் ஹை ஹீல்ஸோட பின்னாடியே ஓடறாங்க. ரெண்டே நாள்ல புது சென்சார் வந்து மாட்டியாச்சு. திம்மராயன் ஷோ டே அன்னிக்கு சாயங்காலமே என்கிட்ட வந்து, "மிஸ், லெட்டர் டைப் ஆகுதாம். ஹேமலதா மேடமே சொன்னாங்க"ன்னாரு. பொண்ணுக்குப் போன் போட்டு என்கிட்ட குடுத்தாரு. அந்தப் பொண்ணு "தேங்க்ஸ் மேம், அப்பா போன்ல இங்கிலீஷ்லதான் பேசறாரு, தொல்லை தாங்கலை"ன்னு சிரிக்குது.

என்னக்கா? கெட்டுப்போச்சுன்னு சொன்னியே, எங்க கெட்டுப்போச்சுங்கறீங்களா? சொல்றேன், சொல்றேன்.

அன்னிக்கு சாயங்காலம் எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. ரூமுக்குப் போய் அந்த வீடியோவையே பத்து தடவை பார்த்தேன். முப்பத்தெட்டு செகண்ட். நைட் ஷிஃப்ட் பார்க்கற ஐம்பத்தேழு வயசு மனுஷன், ஆறே வாரத்துல, எம்.டி. கண்ணைப் பார்த்துப் பேசறாரு. இதை உலகம் பார்க்க வேண்டாமா? என் பேஜ்ல போட்டேன். ‘பயம் போனா பேச்சு வரும்’னு தலைப்பு. கம்பெனி பேரு போடலை, சத்தியமா போடலை. பின்னாடி சுவத்துல கம்பெனி போர்டு இருந்தது எனக்குத் தெரியலை. ரெண்டு ரூல் ஒட்டின சார்ட்டும் பக்கத்துலயே தெரியுதுன்னு யாரோ கமெண்ட்ல சிரிச்சு வெச்சிருந்தாங்க. எதுக்கு சிரிச்சாங்கன்னு அப்ப எனக்குப் புரியலை.

காலையில எழுந்து பார்த்தா நாலாயிரம் லைக்கு!

அப்படிப் பார்க்காதீங்கக்கா. அவர்கிட்ட கேட்டேனான்னுதானே? கேட்கலாம்னுதான் இருந்தேன். அவரு நைட் ஷிஃப்ட்ல இருப்பாரு, தொந்தரவு பண்ண வேண்டாம்னு பார்த்தேன். நல்ல விஷயம்தானே, வேண்டாம்னா சொல்லப் போறாரு?

ஒன்பதாம் நாள் ஹேமலதா மேடம் கூப்பிட்டாங்க. வெளிநாட்டு கஸ்டமர் ஒருத்தர் வீடியோவைப் பார்த்திருக்காரு. மூணு மாசமா கம்பி கட்டி உலை ஓட்டினீங்களா, அப்ப எங்களுக்கு வந்த கியரெல்லாம் எப்படி, ஆள் பாதுகாப்பு எப்படின்னு கேட்டு மெயில். பெரிய ஆடிட் வருதாம். நான் அப்பவே டெலிட் பண்ணிட்டேன்க்கா, அந்த செகண்டே! ஆனா எடுத்து எடுத்து வேற யார் யாரோ போட்டிருக்காங்க. நான் என்ன பண்ண முடியும்?

டைப் ஆன லெட்டர் கையெழுத்துக்குப் போகலை.

ஹேமலதா மேடம்கிட்ட ஓடினேன். "என் கையில ஒண்ணும் இல்லம்மா. இந்த வருஷம் யாருக்குமே எக்ஸ்டென்ஷன் வேண்டாம்னு மேல முடிவு"ன்னாங்க. மேலன்னா யாரு? நிர்மல்கிட்ட போனேன். போனதும் "நிர்மல் சார்"னுதான் வாயில வந்துச்சு, எனக்கே! அவரு அதே சிரிப்பு. "கால் மீ நிர்மல், ப்ளீஸ்"ங்கறாரு. காபி வரவெச்சாரு. "அவர் சொன்னதுல ஒரு தப்பும் இல்லை பிரிசில்லா. என்கிட்ட சொன்னாரு, நான் சரி பண்ணேன். ஊருக்கே சொன்ன மாதிரி ஆயிடுச்சே, அதான். அப்பா ரொம்ப அப்செட். கஸ்டமரும் ஏதாவது நடவடிக்கை எதிர்பார்க்கறாங்க. ஐ ஃபீல் டெரிபிள்." நான் கஸ்டமருக்கே மெயில் போட்டேன். ரொம்ப மரியாதையா பதில் வந்துச்சு. நாங்க எந்தத் தனி நபர் மேலயும் நடவடிக்கை கேட்கலைன்னு. அதை பிரின்ட் எடுத்துக்கிட்டு மறுபடி ஹேமலதா மேடம்கிட்ட. "அதான் நாங்களும் நடவடிக்கை எதுவும் எடுக்கலையே. ஐம்பத்தெட்டு முடிஞ்சிருச்சு, ரிடையர் ஆகறாரு. அவ்வளவுதானே?"ங்கறாங்க.

யாரைப் பிடிச்சு சண்டை போடறதுக்கா? ஒருத்தராவது கோபமா பேசினாத்தானே நானும் பேச முடியும்! எல்லாரும் நல்லவங்களா இருக்காங்க. காபி குடுக்கறாங்க. என் ஃபீட்பேக் ஃபார்ம்ல இருபத்திரண்டு பேரும் அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்காங்க. திம்மராயனும்தான்.

அவர்கிட்ட போய் என்ன சொல்றதுன்னு தெரியாம நாலு நாள் அந்த உலைப் பக்கமே போகலை. அப்புறம் போனா, அவரே "மிஸ், சாப்பிட்டீங்களா?"ன்னாரு. அதான் முதல் வார்த்தை. "நீங்க வருத்தப்படாதீங்க. சென்சார் மாட்டிட்டாங்க பாருங்க. கை வேகாது இனி யாருக்கும்."

"பொண்ணு?"ன்னேன்.

"பார்க்கலாம் மிஸ்"னு சொல்லிட்டு உலைக்கதவைத் திறக்கப் போயிட்டாரு.

முனிராஜ் மட்டும்தான் மூஞ்சிக்கு நேரா கேட்டான். "மேடம், ரூமைத் தாண்டாதுன்னு எழுதினது நீங்கதானே?" அவனுக்கு என்ன தெரியும்? அது ஒரு சைக்காலஜி. பயத்தைப் போக்கறதுக்குச் சொல்றது. எல்லா ட்ரெயினரும் சொல்றதுதான். நானா சென்சாரைக் கழட்டினேன்? நானா ரிடையர் பண்ணேன்? நான் அவருக்குக் குரல்தானே குடுத்தேன்?

போன வெள்ளிக்கிழமை அவருக்கு செண்ட் ஆஃப். அதே ஹால்தான். என் சார்ட்டு ரெண்டையும் கழட்டிட்டாங்க, டேப் ஒட்டின தழும்பு மட்டும் இருக்கு. சால்வை போட்டாங்க, கடிகாரம் குடுத்தாங்க. நிர்மல் பேசினாரு, ரொம்ப உருக்கமா. அப்புறம் இவரைப் பேசச் சொன்னாங்க. தமிழ்லயே பேசுங்கன்னு ஹேமலதா மேடம் அவசரமா மைக்கைக் குடுக்கறாங்க. ஆனா இவரு இங்கிலீஷ்லதான் பேசினாரு.

"ரெஸ்பெக்டட் எம்.டி. சார். ரெஸ்பெக்டட் ஹெச்.ஆர். மேடம் சார். தேங்க் யூ சார். தர்ட்டி ஒன் இயர்ஸ், வெரி ஹேப்பி சார். எனி மிஸ்டேக், ப்ளீஸ் எக்ஸ்க்யூஸ் சார்."

நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். சிரிக்காதீங்க, கை தானா எண்ணுது. அஞ்சு சார். முடிச்சிட்டு மைக்கைக் கீழ வெச்சவரு என்னைத் தேடிப் பார்த்தாரு. பார்த்துட்டு, தலை மேல கை வெச்சு, தொப்பி சரியா இருக்கான்னு தொட்டுப் பார்க்கற மாதிரி பண்ணாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நிர்மலும் சிரிச்சாரு. நானும்...

இருங்க, போன். ஹலோ? ஆமாம் சார். பஸ்ல இருக்கேன் சார். தொப்பூர் தாண்டிட்டேன். ஆங், வீடியோ... இருக்கு சார், டெலிட் பண்ணது பேஜ்லதான், என்கிட்ட இருக்கு. கண்டிப்பா சார். தேங்க் யூ சார்.

பார்த்தீங்களா, இவங்களுக்கு அந்த வீடியோதான் வேணுமாம். அதைப் பார்த்துட்டுத்தான் என்னையே கூப்பிட்டாங்க. ஐநூறு பேர் வேலை செய்யற மில். "எங்க ஆளுங்களும் இப்படித் தைரியமா பேசணும் மேடம்"ங்கறாங்க. போட்டுக் காட்டலைன்னா டெமோவே இல்லை. காட்டினா... காலையில இருந்து அந்த ஒரு ஸ்லைடுலதான் நிக்கறேன்க்கா. வைக்கறேன், எடுக்கறேன், வைக்கறேன், எடுக்கறேன். திம்மராயன்கிட்ட கேட்கலாம்னு நேத்து போன் போட்டேன். இந்தத் தடவை கேட்டேன்! "போடுங்க மிஸ், உங்களுக்கு உதவுதுன்னா போடுங்க"ங்கறாரு. வேண்டாம்னு சொல்லியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். அந்த மனுஷனுக்கு வேண்டாம்னு சொல்லத்தான் ஆறு வாரம் சொல்லிக்குடுத்தேன்.

நீங்களே பாருங்களேன். முப்பத்தெட்டு செகண்ட்தான். சத்தம் கேக்குதா? இதோ, ‘ப்ளீஸ் கம் அண்ட் சீ’ன்னு சொல்றாரா... இப்ப பாருங்க, சொல்லி முடிச்சதும் நிர்மலைப் பார்க்கலை, இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கறாரு. சரியா சொன்னேனான்னு கேக்கறாரு. ஓரத்துல ஒரு கட்டைவிரல் மேல போகுது, தெரியுதா? அது என்னோடது.

நீங்க இறங்கற இடம் வந்துருச்சா? ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்க்கா. பையை நான் எடுத்துத் தர்றேன். உங்களுக்கு எப்பவாவது இப்படி ஆயிருக்கா? ஒருத்தருக்கு நல்லதுன்னு மனசார நினைச்சு செஞ்சு, அவங்க உங்களைத் திட்டக்கூட இல்லாம, சாப்பிட்டீங்களான்னு கேட்டு... ஆயிருக்கும்தானே? எல்லாருக்கும் ஒரு தடவையாவது ஆயிருக்கும். இல்லையாக்கா?